பசியைத் திறக்கும் முதல் கவளம்

மாலை ஆறு மணிக்கு மேல் தில்லை நகரின் குறுக்குத் தெருக்களில் நடப்பவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பர். மருந்துக் கடைகளையும் ஸ்கேன் மையங்களையும் கடந்து, ஒரு கையில் டிபன் கேரியரும் மறுகையில் வெந்நீர்ப் பிளாஸ்க்குமாக மருத்துவமனை வாயில்களை நோக்கி விரையும் குடும்பத்தினரே அக்காட்சி. உறையூரிலிருந்து வருவோரும் உண்டு. காவிரியைக் கடந்து திருவரங்கத்திலிருந்தும், லால்குடி, முசிறி முதலிய ஊர்களிலிருந்தும் வருவோரும் உண்டு. அடித்தட்டில் சோறு, அதன்மேல் குழம்பு, அதற்கும் மேல் பொரியல் என்று அக்கறையோடு அடுக்கப்பட்ட பாத்திரம் அது.

அறைக்குள் நிகழ்வதோ வேறு. மூடியைத் திறந்த அளவிலேயே நோயாளி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். “அப்பா, ஒரே ஒரு வாய்” என்று மகள் கெஞ்சுகிறாள். “வேண்டாம்மா, நாக்கே செத்துப்போச்சு” என்கிறார் தந்தை. கெஞ்சல் கண்டிப்பாகிறது, கண்டிப்பு கண்ணீரில் முடிகிறது. ஒரு மணி நேரம் கழித்து, வந்த எடையோடே டிபன் கேரியர் வீடு திரும்புகிறது. நோயின் துயரத்தோடு, ‘நாம் கொடுத்ததை அவர் உண்ணவில்லையே’ என்னும் துயரமும் குடும்பத்தாரைச் சேர்ந்துகொள்கிறது.

இந்நிலைக்கு ஒரு பகுதித் தீர்வு, உலக மக்கள் பலரும் தத்தம் பந்தியில் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் ஒரு வழக்கத்தில் இருக்கிறது. முதன்மை உணவுக்கு முன்னர் சிறிதளவு உணவைத் தனியே பரிமாறுவதே அவ்வழக்கம். உணவகங்களில் ‘ஸ்டார்ட்டர்’ என்று வழங்கும் இதனை நாம் முன்னுணவு எனலாம். அது ஆடம்பரத்திற்காகத் தோன்றியது அன்று. பசியைத் திறப்பதே அதன் பணி. அப்பணியை நோயாளியின் கட்டிலருகே எவ்வாறு பயன்படுத்துவது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பசி எங்கே போயிற்று?

நோயாளி உண்ண மறுப்பதைப் பிடிவாதம் என்று கருதுதல் தவறு. நோய்த்தொற்றை எதிர்த்துப் போராடும்போது உடலில் சுரக்கும் சைட்டோகைன் என்னும் வேதிப்பொருள்கள் மூளையின் பசியுணர்வை மட்டுப்படுத்துகின்றன. மருந்துகளுக்கும் இதில் பங்கு உண்டு. மெட்ரோனிடசோல் என்னும் மருந்தை உட்கொள்வோர் பலருக்கு வாயில் உலோகச் சுவை தோன்றும். நீரிழிவுக்குத் தரப்படும் மெட்ஃபார்மின் சிலருக்குக் குமட்டலை உண்டாக்கும். உலர்ந்த வாய், நாக்கின் மேல் படியும் வெண்ணிறப் படலம், பொருந்தாத பல்செட், மலச்சிக்கல், உறக்கமின்மை, மனச்சோர்வு ஆகிய ஒவ்வொன்றும் பசியைக் கெடுக்க வல்லது.

பசி வயிற்றில் மட்டும் பிறப்பதன்று. ரஷ்ய மருத்துவ அறிஞர் இவான் பாவ்லோவ் மணியோசையும் நாயும் கொண்ட சோதனைக்காகவே இன்று பெரிதும் நினைக்கப்படுகிறார். ஆயினும் 1904ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது செரிமானம் பற்றிய ஆய்வுகளுக்காகவே. விழுங்கிய உணவு வயிற்றை அடையாதபடி வழிமாற்றப்பட்ட நிலையிலும், உணவின் சுவையும் மணமும் மட்டுமே இரைப்பையில் செரிமான நீரைச் சுரக்கச் செய்வதை அவர் நிறுவினார். மூளையிலிருந்து வேகஸ் நரம்பு வழியாக இரைப்பைக்குச் செல்லும் கட்டளையே அதற்குக் காரணம். தாளிக்கும் மணம் அடுக்களையிலிருந்து வரும்போது நம் வாயில் நீர் ஊறுவதும் மூளையின் கட்டளையால்தான்.

1999ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் கோஜிமாவும் கங்காவாவும் கிரெலின் என்னும் ஹார்மோனைக் கண்டறிந்தனர். இரைப்பையில் சுரந்து, பசியைத் தூண்டும் ஹார்மோன் அது. வழக்கமாக உண்ணும் நேரம் நெருங்குகையில் அதன் அளவு உயர்கிறது, உண்டபின் தாழ்கிறது. மருத்துவமனையில் நோயாளி உறங்குவதும் விழிப்பதும் நேரம் மாறிப்போவதால், வீட்டில் மணி அடித்தாற்போல் வந்த பசி இங்கு வருவதில்லை.

ஆகவே மணம், சுவை, குறித்த நேரம் ஆகிய மூன்றும் பசிக்கு வழி திறப்பவை எனலாம். முன்னுணவு இம்மூன்றையும் ஒரு சிறு கிண்ணத்தில் அடக்கித் தருகிறது.

பெயர்களே சொல்லும் செய்தி

பிற நாட்டார் தம் முன்னுணவுகளுக்கு இட்ட பெயர்களைப் பார்த்தாலே அவற்றின் நோக்கம் புலப்படும். உணவுக்கு முன் அருந்தும் பானத்தைப் பிரெஞ்சுக்காரர் ‘அப்பெரித்தீஃப்’ என்பர். ‘திற’ என்னும் பொருளுடைய லத்தீன் வினையே அதன் வேர். இத்தாலியரின் ‘அந்திபாஸ்தோ’ என்பதற்கு ‘உணவுக்கு முந்தையது’ என்பது பொருள். பிரெஞ்சு மொழியின் ‘ஓர்தூவ்ர்’ என்பதை ‘முதன்மைப் பணிக்குப் புறம்பானது’ என்று விளக்கலாம். துருக்கியிலும் லெபனானிலும் வழங்கும் ‘மெஸ்ஸே’ என்னும் பெயர், சுவையைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. ஸ்பெயின் நாட்டின் ‘தாப்பா’ என்பதற்கு மூடி என்று பொருள்.

இவற்றில் எதுவும் வயிற்றை நிரப்பும் உணவைக் குறிக்கவில்லை. மெஸ்ஸே பந்தியில் வேகவைத்து அரைத்த கொண்டைக்கடலை, சுட்ட கத்தரிக்காய் மசியல், நீர் வடித்த தயிர் ஆகியவை சிறு தட்டுகளில் வரும். துருக்கியரின் ‘ஜாஜிக்’ வெள்ளரியும் தயிரும் பூண்டும் சேர்ந்தது. நம் வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடிக்கு நெருங்கிய உறவு. தாய்லாந்தில் ‘மியாங் கம்’ என்றொரு வகை உண்டு. வெற்றிலை இனத்தைச் சேர்ந்த ஓர் இலையில் இஞ்சி, எலுமிச்சைத் துண்டு, வறுத்த தேங்காய், வேர்க்கடலை, மிளகாய் முதலியவற்றை வைத்து மடித்து உண்பர். நாம் தாம்பூலத்தோடு விருந்தை முடிக்கிறோம். அவர்கள் ஏறத்தாழ அதே மடிப்போடு தொடங்குகிறார்கள். ஜப்பானில் நோயுற்றோருக்கு நெகிழ்ந்த அரிசிக் கஞ்சியோடு ‘உமேபோஷி’ என்னும் உப்பிலிட்ட புளிப்புக் கனியைத் தருவர். நம் வீடுகளில் கஞ்சிக்கு ஒரு துண்டு உப்பு நார்த்தங்காய் வைப்பதும் இதுவே அன்றோ?

இன்னும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. ‘ரெஸ்டாரண்ட்’ என்னும் சொல் முதலில் ஒரு கடையைக் குறிக்கவில்லை. நலிந்த உடலுக்கு வலுவை மீட்டுத் தரும் தெளிந்த இறைச்சிச் சாற்றைக் குறித்தது. அச்சொல்லுக்கு ‘மீட்டுத் தருவது’ என்றே பொருள். 1760களில் பாரிஸ் நகரில், மெலிந்தோருக்கும் முழு உணவை ஏற்க இயலாதோருக்கும் அச்சாற்றை விற்கும் கடைகள் தோன்றின. பின்னர்ச் சாற்றின் பெயரே கடைக்கும் ஆயிற்று. இன்று உலகெங்கும் விளக்கொளியில் மின்னும் உணவகங்களுக்கு நோயாளியின் சூப்புக் கிண்ணமே மூதாதை.

மிளகுத் தண்ணீரின் பயணம்

முன்னுணவுகளின் உலக வரிசையில் தமிழ்ப் பெயர் தாங்கிய ஒன்றும் உண்டு. ஆங்கில உணவுப் பட்டியல்களில் ‘மல்லிகட்டானி’ என்று காணப்படும் சூப், நம் ‘மிளகுத் தண்ணீர்’தான். 1886ஆம் ஆண்டு யூல், பர்னெல் ஆகிய இருவர் வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் புகழ்பெற்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி இதனை உறுதிப்படுத்துகிறது. சென்னை மாகாணத்து ஆங்கில அதிகாரிகளுக்கு ‘முல்’ என்ற பட்டப்பெயர் வந்ததும் இந்த உணவினால்தான் என்று அந்நூல் கூறுகிறது.

ஆங்கிலேயர் தம் இரவு உணவைச் சூப்புடன் தொடங்கும் பழக்கமுடையவர்கள். தமிழ்நாட்டு உணவில் அவ்வாறு தனியாக ஒரு சூப்புச் சுற்று இல்லை. எனவே அவர்தம் சமையற்காரர்கள் மிளகு ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிப் பந்தியின் முதலில் வைத்தனர். காலப்போக்கில் இறைச்சியும் பருப்பும் அரிசியும் அதனுள் சேர்ந்தன. நீராக இருந்தது கெட்டியாயிற்று. கடல் கடந்து லண்டன் உணவகங்களையும் அடைந்தது.

1784ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பாடலை அவ்வகராதி எடுத்துக்காட்டுகிறது. ஹைதர் அலியிடம் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ஒருவர் பாடியது. பெங்களூர்ச் சிறையில் தமக்குக் கிடைத்த உணவு என்று அவர் குறிப்பிடுபவை இரண்டே. ஒன்று மிளகுத் தண்ணீர், மற்றொன்று கஞ்சி. ‘கஞ்சி’ என்னும் நம் சொல்லும் ஆங்கிலத்தில் ‘காஞ்ஜி’ ஆகி, இன்று சீன உணவகங்களின் அரிசிக் கஞ்சிக்கே பெயராக வழங்குகிறது. இவ்விரண்டும் எளிய உணவுகள். இரண்டும் நம் வீடுகளில் காய்ச்சல்காரருக்கு முதலில் நினைவுக்கு வருபவை. உலகுக்குத் தமிழ் தந்த உணவுச் சொற்களுள் இரண்டு நோயாளியின் தட்டிலும் இருப்பவை என்பது நாம் பெருமையோடு எண்ணத்தக்கது.

நம் அடுக்களையின் திறவுகோல்கள்

ஸ்டார்ட்டர் என்ற பெயர் நமக்குப் புதிது. அதன் பணி புதிதன்று. விருந்து இலையில் முதலில் ஒரு துளி பாயசமோ இனிப்போ நாவில் படும். அன்றாட உணவில் ரசம் இரண்டாம் இடத்தில் வந்தாலும், உடல்நலம் குன்றியவருக்கு மட்டும் அது முதலிடம் பெறுகிறது. இஞ்சித் துவையல், கறிவேப்பிலைத் துவையல், பிரண்டைத் துவையல், வேப்பம்பூ ரசம், சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல் ஆகியவை சுவையால் கூர்மையானவை, அளவால் சிறியவை. பிள்ளை பெற்ற தாய்க்கு முதற் கவளத்தில் நெய்யோடு பிசைந்து தரும் அங்காயப் பொடியில் சுண்டைக்காயும் வேப்பம்பூவும் சுக்கும் மிளகும் அடங்கும். சித்த மருத்துவத்தின் பஞ்சதீபாக்கினிச் சூரணம் சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், சீரகம் ஆகிய ஐந்தும் சேர்ந்தது. வயிற்றின் தீயைத் தூண்டுவது என்பதே அதன் பெயர் உணர்த்தும் பொருள்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, முன் உண்டது செரித்ததை அறிந்து, அளவோடு உண்பதையே பெரிதும் வலியுறுத்துகிறது. உணவும் மருத்துவமும் ஒன்றையொன்று பிரியாதவை என்னும் அவ்வுணர்வு நம் பண்டைய மருத்துவச் சாலைகளிலும் விளங்கியது. பாலாற்றங்கரைத் திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைப் பற்றியும், அங்குப் பணிபுரிந்த மருத்துவர், அறுவை செய்வோர், மருந்து கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்கள் ஆகியோரைப் பற்றியும் கூறுகிறது. நோயாளருக்கு உரிய அரிசியும் அக்கல்வெட்டில் ஒதுக்கப்பட்டுள்ளது. நமக்கு அண்மையில் திருவரங்கம் கோயிலிலும் ஆரோக்கிய சாலை ஒன்று இருந்தது. 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அது புதுப்பிக்கப்பட்டதையும் தன்வந்திரிப் பெருமாள் அங்கு எழுந்தருளச் செய்யப்பட்டதையும் பதிவு செய்கிறது. தன்வந்திரி சன்னிதியை இன்றும் அங்குத் தரிசிக்கலாம்.

பசியைத் திறப்பதும் மூடுவதும்

தில்லை நகரின் முதன்மைச் சாலையிலும் சாஸ்திரி சாலையிலும் உள்ள உணவகங்களில் ஸ்டார்ட்டர் பட்டியலைக் கண்டால், அதில் பெரும்பகுதி எண்ணெயில் பொரித்தவையே. சென்னை புகாரி ஓட்டலில் 1965ஆம் ஆண்டு தோன்றியதாகக் கூறப்படும் ‘சிக்கன் 65’, அதன் வழிவந்த காலிஃபிளவர் 65, மும்பையில் 1970களில் நெல்சன் வாங் என்னும் சமையற்கலைஞர் உருவாக்கிய மஞ்சூரியன் ஆகியவை எல்லாம் நம் நாட்டிலேயே பிறந்தவை. நலமாக உள்ளோர் எப்போதாவது சுவைத்து மகிழத்தக்கவை.

ஆயினும் நோயாளிக்கு இவை முன்னுணவின் பணியைச் செய்யா. கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையில் நெடுநேரம் தங்கும். நான்கு துண்டுகளிலேயே வயிறு நிறைந்த உணர்வு தோன்றிவிடும். பின்னர் வரும் சோறும் பருப்பும் காயும் அப்படியே நின்றுவிடும். பசியைத் திறக்க வேண்டியது பசியை மூடிவிடுகிறது. “எதையாவது சாப்பிட்டால் போதும்” என்னும் ஆதங்கத்தில் வெளியிலிருந்து பொரித்ததை வாங்கி வரும் குடும்பத்தினர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

தெருவோரச் சூப்புக் கடைகளைப் பற்றியும் ஒரு சொல். முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, காளான், ஆட்டுக்கால் எனப் பல வகைச் சூப்புகள் மாலை நேரத்தில் கிடைக்கின்றன. கருத்து நல்லதே. ஆனால் உப்பின் அளவும், கிண்ணம் கழுவிய நீரின் தூய்மையும் நமக்குத் தெரியா. ஆகவே சிகிச்சையில் இருப்போருக்கு வீட்டில் காய்ச்சியதே ஏற்றது. உறையிலிட்ட சூப்புப் பொடிகளில் உப்பு மிகுதி என்பதால் அவற்றையும் தவிர்த்தல் நலம்.

நீரிழிவு உள்ளோருக்கு மற்றொரு பயன்

பசி குன்றாதவர்களுக்கு, அதிலும் உடல் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் குறைக்க வேண்டியவர்களுக்கு, முன்னுணவு வேறொரு வகையில் உதவுகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மதிய உணவுக்கு முன் கலோரி குறைந்த காய்கறிச் சூப்பு அருந்தியவர்கள், சூப்பையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், மொத்தத்தில் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவான கலோரிகளையே உட்கொண்டனர்.

2015ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 11 பேரிடம் மற்றொரு சிறு ஆய்வை நடத்தினர். ஒரே உணவை ஒரு நாள் மாவுச்சத்தை முதலிலும், மற்றொரு நாள் காய்கறியையும் புரதத்தையும் முதலிலும் உண்ணச் செய்தனர். காய்கறியும் புரதமும் முதலில் சென்ற நாளில், உண்ட 30 நிமிடத்தில் இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 29 விழுக்காடும், 60 நிமிடத்தில் 37 விழுக்காடும், 120 நிமிடத்தில் 17 விழுக்காடும் குறைவாக இருந்தது. உணவு ஒன்றே, வரிசை மட்டுமே மாறியது.

நம் இலையில் பொரியலும் கூட்டும் மேற்பகுதியில் காத்திருக்க, சோற்றையே முதலில் பிசைகிறோம். நீரிழிவு உள்ளோர் அந்த வரிசையைச் சற்று மாற்றலாம். முதலில் ஒரு கிண்ணம் பொரியல் அல்லது வெள்ளரிப் பச்சடி, உடன் சிறிது சுண்டல் அல்லது வேகவைத்த முட்டை. அதன்பின் அளவான சோறு. இதற்குச் செலவும் இல்லை. தனிச் சமையலும் தேவையில்லை. ஆயினும் இதை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ தாமாகக் குறைத்தல் கூடாது.

ஆக, முன்னுணவுக்கு இரு பணிகள் உண்டு. மெலிந்தவருக்கு அது பசியைத் திறக்க வேண்டும். அதற்கு அரைக் கிண்ணம் போதும். மிகுதியாக உண்பவருக்கு அது பசியை அடக்க வேண்டும்; அதற்கு முழுக் கிண்ணம் வேண்டும். மெலிந்தவருக்கு முழுக் கிண்ணச் சூப்பைக் கொடுத்துவிட்டு, “சோறு உண்ணவில்லையே” என்று வருந்துவதில் பொருளில்லை.

கட்டிலருகே கடைப்பிடிக்க

உணவுக்குப் பத்து நிமிடம் முன்னர் நோயாளியின் வாயை வெதுவெதுப்பான நீரால் கொப்பளிக்கச் செய்யுங்கள். பல்செட் உள்ளவராயின் கழுவிப் பொருத்துங்கள். மருத்துவர் தடை விதிக்காவிடில் நிமிர்ந்து உட்காரச் செய்யுங்கள். கழிவுப் பாத்திரம், மருந்துக் குப்பிகள் ஆகியவற்றைக் கண்ணில் படாமல் அகற்றுங்கள்.

டிபன் கேரியர் முழுவதையும் ஒரே நேரத்தில் திறந்து பரப்ப வேண்டாம். மலைபோல் குவிந்த சோறு பசியற்றவரை அச்சுறுத்தும். ஒரு சிறு கிண்ணத்தில் அரை டம்ளர் அளவு, அதாவது 100 மில்லி லிட்டர், மணமுள்ள சூடான ரசமோ பருப்புத் தண்ணீரோ முதலில் தாருங்கள். குமட்டல் உள்ளவருக்குச் சூட்டின் மணமே ஒவ்வாமல் போகலாம். அவருக்கு ஆறிய உணவு, வெள்ளரிப் பச்சடி போன்றவை பொருந்தும். கால் மணி நேரம் கழித்து, நான்கைந்து கவளம் குழைந்த சோறு போதும். அன்றாடம் அதே நேரத்தில் தாருங்கள். நாளுக்கு மூன்று பெரிய வேளைகளுக்கு மாறாக ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரியுங்கள். இயலுமாயின் நீங்களும் உடன் அமர்ந்து உண்ணுங்கள். தனியே உண்பவரைவிடத் துணையோடு உண்பவருக்கு உணவு எளிதில் இறங்கும்.

வீட்டில் எளிதில் செய்யத்தக்க ஒன்று இது. இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பைக் கழுவி, இரண்டு டம்ளர் நீரில் மஞ்சள் தூளோடு குழைய வேகவையுங்கள். கால் தேக்கரண்டி மிளகையும் அரைத் தேக்கரண்டி சீரகத்தையும் பொடித்துச் சேருங்கள். நகக்கண் அளவு இஞ்சியைத் தட்டிப் போட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். அரைத் தேக்கரண்டி நெய்யில் கறிவேப்பிலையைத் தாளித்துக் கொட்டி, சற்று ஆறிய பின் எலுமிச்சைச் சாறு சில துளிகள் விடுங்கள். உப்பு ஒரு சிட்டிகை போதும். புளிப்பும் மணமும் எஞ்சிய சுவையை நிறைவு செய்யும். இது இருவருக்கு இருமுறை தர வரும்.

யாருக்கு எச்சரிக்கை தேவை?

ஒருவருக்கு நன்மை செய்வது மற்றொருவருக்குத் தீமை செய்யக்கூடும். பின்வருவோர் தம் மருத்துவரையோ உணவியல் வல்லுநரையோ கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்.

பக்கவாதத்தால் விழுங்கும் திறன் குன்றியவர்கள்: ரசம், சூப்பு போன்ற நீர்த்த உணவுகள் மூச்சுக்குழாய்க்குள் சென்று நிமோனியாவுக்கு வழிகோலலாம். விழுங்கும் திறனைச் சோதித்த பின்னர், அறிவுறுத்திய கெட்டித்தன்மையிலேயே தர வேண்டும்.

சிறுநீரக நோயாளிகள்: காய்கறிச் சூப்பு, தக்காளி, இளநீர் ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. மேலும் ரசம், மோர், சூப்பு யாவும் அன்றைய நீர் அளவுக் கணக்கில் சேரும்.

இதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள்: ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கிறது. அப்பளம், வற்றல், ஊறுகாய் ஆகியவை இவர்களுக்கு ஏற்ற முன்னுணவுகள் அல்ல.

இரைப்பைப் புண், வாய்ப்புண் உள்ளவர்கள்: மிளகு, இஞ்சி, புளி ஆகியவை எரிச்சலை மிகுவிக்கும். காரமற்ற பருப்புத் தண்ணீரே தக்கது.

புற்றுநோய்க்கான கீமோதெரபி பெறுவோர்: நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்திருக்கும் நாள்களில் சமைக்காத காய்கள், பச்சைத் துவையல் ஆகியவற்றைத் தவிர்த்து, நன்கு வெந்ததைச் சூடாக உண்ண வேண்டும்.

அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள்: மருத்துவர் அனுமதிக்கும்வரை ஒரு மடக்கு நீரும் தரலாகாது.

நீரிழிவுக்கு இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர்கள்: மருந்தை எடுத்துவிட்டுச் சூப்போடு நிறுத்திக்கொண்டால் இரத்தச் சர்க்கரை அபாய அளவுக்குத் தாழலாம். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தோன்றினால் உடனே செவிலியரை அழையுங்கள். வீட்டில் எனில், நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதியுங்கள். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதுவும் தராது, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

முன்னுணவால் மட்டும் தீராத பசியின்மையும் உண்டு. ஒரு மாதத்தில் உடல் எடையில் 5 விழுக்காடோ, ஆறு மாதத்தில் 10 விழுக்காடோ காரணமின்றிக் குறைந்தால், அதாவது 60 கிலோ எடையுள்ளவர் ஒரே மாதத்தில் 3 கிலோ இழந்தால், தாமதியாமல் மருத்துவரிடம் தெரிவியுங்கள். விழுங்கும்போது தடையோ வலியோ, இடைவிடா வாந்தியோ, நாக்கில் வெண்படலமோ காணப்பட்டாலும் அவ்வாறே. பல நாள் பட்டினியாக இருந்தவருக்குத் திடீரென மிகுந்த உணவைத் தருவதும் ஆபத்து. அவருக்கு உணவை மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகவே கூட்ட வேண்டும்.

நிறைவாக, உணவூட்டும் கைகளுக்கு ஒரு சொல். நோயாளி மூன்று கவளத்தோடு நிறுத்தினால் அது உங்கள் அன்பின் தோல்வி அன்று. நேற்று ஒரு கவளம், இன்று மூன்று கவளம் எனில் அது முன்னேற்றமே. எவ்வளவு உண்டார் என்பதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். மருத்துவர் காலையில் வரும்போது காட்டுங்கள். மருந்துச் சீட்டைப் போலவே அத்தாளும் சிகிச்சைக்கு உதவும்.

நாளை மாலை டிபன் கேரியரைக் கட்டும்போது, மேல்தட்டில் ஒரு சிறு கிண்ணத்திற்கு இடம் ஒதுக்குங்கள். முதலில் அதை மட்டும் திறவுங்கள்.